சத்தம் போடாத பல்லி

அலுமினியத் தட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்குப் பாதி புரியாது. புரிகிற பாதியையும் நம்ப மாட்டார்கள். நம் காலத்தில் புத்தகத்தை மறந்துவிட்டு வந்தால் ஒரு அடி, தட்டை மறந்துவிட்டு வந்தால் ஒரு வேளைப் பட்டினி என்று என் மருமகளிடம் சொன்னேன். "ஏம்மா, ஸ்கூல்ல தட்டு வெச்சிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஆனால் தட்டின் ஓரத்தில் ஆணியால் குத்திக் குத்திப் பெயர் எழுதியதும், சுடுசோறு விழுந்தவுடன் மடியில் வைத்திருந்த தட்டு தொடையைப் பொசுக்கியதும் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

நான் இருபத்தெட்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு சரிபார்க்கும் வேலை பார்த்தவள். எதைக் கையில் எடுத்தாலும் அதில் உள்ள குறைதான் எனக்கு முதலில் தெரியும். கீறல், பிசிறு, கோணல். மனிதர்களையும் அப்படியேதான் பார்க்கிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் என்மேல் புகார். இருக்கட்டும். ஊரார் குறையை எல்லாம் பொறுக்கி எடுத்தவள், என் கையால் நடந்த ஒன்றை மட்டும் நாற்பது வருடத்துக்கு மேலாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு ஆவடிப் பக்கம் ஏரியை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. தாத்தா காலம் வரை அங்கே கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா தலையெடுத்தபோது எஸ்டேட் வந்துவிட்டது. அவர் ஒரு பெட்டிப் பட்டறையில் சேர்ந்தார். பெட்டி என்றால் துணி வைக்கிற பெட்டி அல்ல. மெஷின்களை வெளியூருக்கு அனுப்பும்போது அடைத்து ஆணி அடிக்கிற பெரிய மரப்பெட்டி. அதற்கான மரம் கொல்லிமலையிலிருந்து லாரியில் வரும். சில்வர் ஓக். மலையில் அந்த மரத்தின் மேல் மிளகுக் கொடியை ஏற்றி விடுவார்களாம். வெட்டி ஏற்றும்போது காய்ந்த கொடி பட்டையோடு ஒட்டிக்கொண்டே வரும். எங்கள் அப்பா வேலை முடிந்து வந்தால் சட்டையில் மரத்தூளும் மிளகும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும். தும்மல் வரும், ஆனாலும் நான் போய் ஒட்டிக்கொண்டுதான் நிற்பேன். மரத்தூளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அந்தத் தூளை இறுக்கி அடைத்து எரிக்கிற அடுப்பில்தான் எங்கள் வீட்டுச் சமையல்.

நான் ஐந்தாவது படித்த வருடம், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஒரு லோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. அப்பா கடப்பாரையால் பட்டையை நெம்பிக்கொண்டிருந்தார். அடியில் ஏதோ அசைந்தது. பட்டையின் ஒரு துண்டுக்கே கால் முளைத்து ஓடுவது போல இருந்தது.

"இத்தப் பாருடி, மலப் பல்லி" என்றார் அப்பா. "டிக்கெட் எடுக்காம அம்மாந் தூரம் லோடு ஏறி வந்துகீது."

என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் மரப்பட்டை நிறம், அதில் சாம்பல் திட்டுகள். தொண்டையில் மட்டும் மஞ்சள் தொட்டு வைத்தது போல லேசான நிறம். வீட்டுப் பல்லியின் கண்ணைப் பகலில் பார்த்திருப்பீர்கள், நடுவே கத்தியால் கீறியது போலிருக்கும். இதற்கு அப்படி இல்லை. முழு உளுந்து போல உருண்டைக் கண். அது நம்மைப் பார்த்தால், பார்க்கிறது என்று தெரியும். அப்பா அதைத் துண்டால் மூடிப் பிடித்து, காலியாகியிருந்த என் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த பத்து நாட்கள் அந்தப் பல்லிதான் எனக்கு எல்லாம். காலியான பவுடர் டப்பாவில் மரத்தூள் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். மழைக்கு ஈசல் வந்தபடி இருந்ததால் தீனிக்குக் குறைவில்லை. பகலெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும், விளக்கு வைத்தால் தூங்கிவிடும். வாலை மேலே சுருட்டிக்கொண்டு நடக்கும். சுண்ணாம்புச் சுவரில் நகத்தால் பற்றி ஏறிவிடும், ஆனால் அலுமினியத் தட்டில் விட்டால் நிற்க முடியாது. நாலு காலும் நாலு பக்கம் போகும். வீட்டுப் பல்லிக்கு விரல் நுனியில் ஒட்டுகிற பட்டை உண்டே, அது இதற்குக் கிடையாது. இதைப் பெரிய ஆராய்ச்சிபோல நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

என்னோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டவள் அத்தை மகள். ஒன்றாவது படித்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போய், பிள்ளையோடு அடுத்த தெருவில் இருந்தாள். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற ஆயா வேலை அவளுக்குக் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முந்நூறு பிள்ளைக்கு உப்பு எவ்வளவு என்று கையாலேயே அள்ளிப் போடுவாள், ஒரு நாளும் தப்பாது. அந்த வேலைதான் அவளுக்குச் சோறு, மரியாதை, தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிற தெம்பு எல்லாம்.

பல்லி சத்தம் போட்டால் அந்த நேரத்தில் பேசிய பேச்சு பலிக்கும் என்று நம் வீடுகளில் தரையில் விரலால் தட்டுவோமே, அந்தக் கணக்கில் அத்தை மகள் டப்பாவிடம் குனிந்து கேள்வி கேட்பாள். "எங்க நைனா தீபாவளிக்கு வருவாரா?" கேட்டுவிட்டுக் காதை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இந்தப் பல்லிக்குக் கத்தத் தெரியவில்லையோ, எங்கள் பாஷை புரியவில்லையோ, ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. "அது மலப் பல்லிக்கா, அதுக்கு வெக்கமா கீது" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அத்தைக்குத் தெரிந்தால் தூக்கிப் போடச் சொல்வாள் என்று தன் வீட்டில் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "சத்தம் போடாத பல்லி ஊட்ல கீறது நல்லதுக்கில்ல. நாளைக்கு நான் பாக்கசொல்ல அது இங்க இருக்கக் கூடாது, அடுப்புல போட்ருவேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள். அதனால் மறுநாள் டப்பாவைப் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் ஏரிக்கரைப் புளியமரத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அத்தை மகளிடம் மட்டும் சொன்னேன். "யார்கிட்டனா சொன்னே, கொன்னுடுவேன்" என்றும் சொன்னேன். அப்படித்தானே நாம் எல்லோரும் பேசினோம், அந்த வயதில்.

அன்றைக்குப் பூசணிக்காய் சாம்பார். வராந்தாவில் எதிரெதிராக வரிசையாக உட்காருவோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தங்களோடு உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது ஐந்தாவது வகுப்புப் பிள்ளைகளின் வேலை. அத்தை மகள் என் பக்கத்தில்தான். சோறு போட்டாகிவிட்டது. எட்டாவது படிக்கிற ஒரு அக்கா சாம்பார் வாளியோடு வந்தாள். எங்களுக்கு முன்னால் இருந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாளியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வைத்துவிட்டுத் திரும்பினாள். எங்கள் தட்டில் இன்னும் வெறும் சோறுதான்.

அந்த இடைவெளியில் அத்தை மகள் என் பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டாள். ஒரு எறும்பைப் பிடித்து வைத்திருந்தாள், அதற்குக் கொடுக்க. மூடியைத் திறந்ததும் பல்லி அவள் கை வழியாக ஓடி, வாளியின் விளிம்பில் ஏறியது. அலுமினியம். பிடி கிடைக்கவில்லை. வழுக்கி உள்ளே விழுந்தது. சத்தமே இல்லை. மேலே மிதந்த கறிவேப்பிலை ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நான் முதலில் செய்த காரியம் டப்பாவை மூடிப் பையின் அடியில் திணித்தது. அதற்குள் அந்த அக்கா திரும்பி வந்து வாளியைத் தூக்கி, எதிர் வரிசையில் ஒருத்திக்கு ஊற்றினாள். கரண்டிச் சாம்பாரோடு பல்லி அந்தத் தட்டில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எப்படிப் பரவியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "பல்லி! சாம்பார்ல பல்லி!" என்று ஒருத்தி கத்தினாள். முதலில் வாந்தி எடுத்தவள் அந்த வாளியிலிருந்து ஒரு சொட்டும் வாங்காதவள். வராந்தாவின் மறுகோடியில் இருந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து நாலு பேர். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். பாவம், கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. "எல்லாப் பிள்ளைங்களுக்கும் உப்பைக் கரைச்சு ஊத்துங்க! வாந்தி வரணும், சீக்கிரம்!" என்றார். பல்லி விழுந்த சோறு விஷம், விஷம் தின்றால் உப்புத் தண்ணி. இது தெரியாதவர்கள் அப்போது யார்? ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், தெருவில் போகிற எவருக்கும் தெரியும். உங்களுக்கும்தான் தெரியும்.

அத்தை கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "மூடி போட்டுத்தான் சார் வெச்சிருந்தேன்" என்றாள்.

"மூடி போட்டா பல்லி எப்படிம்மா உள்ள போகும்?"

அத்தை திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவள், தான் மூடவில்லை என்று தானே நம்பத் தொடங்கினாள். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஓடிப்போய்க் கல்லுப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து வாளித் தண்ணீரில் கவிழ்த்துக் கையால் கலக்கினாள். அடியில் கரையாத உப்பு நறநறவென்று அரைபட்டது. பிள்ளைகளை அடிபம்பு ஓரமாக நிறுத்தி ஆளுக்கொரு டம்ளர். குடித்தவுடன் வாந்தி. என் முறை வந்தது. நாக்கு வெந்து போனது போலிருந்தது. நானும் எடுத்தேன்.

அத்தை மகள் குடிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நான் துன்னவே இல்லம்மா" என்றாள்.

மெய்தான். சாம்பார் அவள் தட்டில் விழவே இல்லை. பசி தாங்காமல் வெறும் சோற்றை ஒரு வாய் அள்ளிப் போட்டிருந்தாள், ஒரு பருக்கை உதட்டோரம் ஒட்டியிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சொல்லுடி, நீதானே பக்கத்துல இருந்தே. துன்னாளா, இல்லியா?"

அத்தை மகளும் என்னைத்தான் பார்த்தாள். சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கையாகப் பார்த்தாள். அவள் தின்னவில்லை என்றால், நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய், வாளி எங்கே இருந்தது, பல்லி எங்கேயிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக வரும். என் பையில் டப்பா இருந்தது.

"தெரியாது அத்த" என்றேன்.

ஒரு டம்ளரை மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். வாந்தி வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள், "ஆயா தன் பொண்ணுக்கு மட்டும் விட்டுட்டா பாரு" என்று சொல்லிவிடக் கூடாதே என்று அத்தைக்குப் பயம்; மூன்றாவது டம்ளரை அடிவண்டலோடு அவளே ஊற்றினாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுக் குந்தியிருந்தார்கள். இவளுக்கு மட்டும் எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

மதியத்துக்குள் எல்லோரையும் அவரவர் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். அத்தை மகளைச் சமையலறை வாசலில் சாக்குமேல் படுக்க வைத்திருந்தார்கள். முகம் சிவந்திருந்தது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டபடி இருந்தாள். நான் தட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். இரண்டடியில் தண்ணீர்ப் பானை. எழுந்து டம்ளரை எடுத்தேன். அத்தை பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"வேணாம்டி! தண்ணி குட்தா வெஷம் தலைக்கு ஏறிடும். வாந்தி வரட்டும், அப்பால குடுக்கலாம்."

அத்தை வெளியே யாரிடமோ பேசப் போனபோது, அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சாயங்காலம் கை கால் இழுத்துக்கொண்டது. யாரோ ரோட்டில் போன வேனை நிறுத்தி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் உயிர் இருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டதற்கு, கூட வந்த அத்தனை பேரும் ஒரே குரலில் பல்லி விழுந்த சாம்பார் என்றார்கள்.

அப்பா அன்றைக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் பல்லி எங்கடி?"

"நேத்தே ஓடிப்போச்சுப்பா."

அப்பா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கை கால் கழுவினார். அவர் சாகும்வரை அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் பையில் இருந்த டப்பா காணாமல் போயிற்று. அம்மாதான் எடுத்திருக்க வேண்டும், அவளும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. தெரிய வேண்டிய ஒருத்திக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். ஒரு அறை விட்டிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அறைந்திருந்தால் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அத்தைக்கு வேலை போயிற்று. வேலை போனது அவளுக்கு உறைக்கவே இல்லை. தெருவில் குழந்தைகள் அவளைப் பார்த்துப் "பல்லி ஆயா" என்று கத்தியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அவளை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அவள் எதையும் திறந்து வைக்க விடமாட்டாள். தண்ணீர்க் குடம், சோற்றுப் பானை, கவிழ்க்காத காலிப் பாத்திரம், எல்லாவற்றுக்கும் மூடி. மூடியின் மேல் ஒரு கல். நாங்கள் சாப்பிடும்போது எழுந்து கை கழுவப் போனால், அதற்குள் எங்கள் தட்டுமேல் இன்னொரு தட்டு இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை காஞ்சிபுரம் போவாள். அங்கே கோயிலில் மேல்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கிறதே, தொட்டுக் கும்பிட்டால் பல்லி தோஷம் போகும் என்று ஏணிப்படி போட்டு வைத்திருப்பார்களே, அதற்கு. ஒருமுறை தொட்டால் போதும் என்பார்கள். அத்தைக்குப் போதவில்லை. கூடப் போனது பெரும்பாலும் நான்தான். அவள் படியேறிக் கையை நீட்டும்போது கீழே நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். பிறகு நானும் ஏறித் தொடுவேன். "நீ எதுக்குடி தொட்ற, உனக்கு இன்னா தோஷம்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். சும்மாதான் அத்த என்பேன்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மண்ணோடு கொண்டுபோயிருப்பேன். சென்ற வருடம் டிவியில் ஒரு செய்தி ஓடியது. எங்கேயோ பள்ளிச் சாப்பாட்டில் பல்லி விழுந்து பிள்ளைகளுக்கு மயக்கம் என்று. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் சொன்னாள்:

"பல்லில விஷமே கிடையாதும்மா. அதோட கிருமியால வேணா வயிறு கலக்கும். பாதிப் பசங்க பயத்துலதான் வாந்தி எடுக்கறாங்க."

"அப்போ உப்புத் தண்ணி குடுக்கறது?"

"ஐயோ, குடுக்கவே கூடாது. வாந்தி வராம உள்ளயே தங்கிட்டா உப்பு ரத்தத்துல ஏறிடும். தாகம் தாகம்னு துடிக்கும், அப்புறம் ஃபிட்ஸ் வரும். சின்னக் கொழந்தைன்னா உயிருக்கே ஆபத்தும்மா. ஏன், யாருக்குக் குடுத்தாங்க?"

யாருக்கும் இல்லை என்றேன். எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு போனில் தேடித் தேடி அந்தப் பல்லியையும் கண்டுபிடித்துவிட்டேன். உருண்டைக் கண், ஒட்டாத விரல், தொண்டை மஞ்சள். அந்த மாதிரி மலைப் பல்லிகளில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு வகையாம். அந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத வகைகூட உண்டாம். பாறையிலும் மரத்திலும் பூச்சி பிடித்துத் தின்று, யாரையும் எதுவும் செய்யாமல் வாழ்கிற உயிர். அதன்மேல்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கொலையை எழுதி வைத்தோம்.

இப்போது அத்தைக்கு எழுபத்தைந்தை ஒட்டிய வயது. பாரிவாக்கத்தில், மனை போட்டு விற்ற வயலில் கட்டிய ஒரு ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். அப்பா போன பிறகு எங்களோடு இருக்கமாட்டேன் என்று பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். முட்டி இரண்டும் போய்விட்டது. இந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"காஞ்சீவரம் பஸ்ஸெல்லாம் இனிமே குத்தம்பாக்கம் புது ஸ்டாண்டுலேந்துதானாமே. அம்மாந் தூரம் போயி, அந்தப் படில என்னால ஏற முடியுமாடி?"

"வேணாம் அத்த. இங்கிருந்தே கும்பிட்டுக்கோ."

"நீ ஈஸியா சொல்லிட்டே. நாளைக்கு நான் மேல போனா, பாப்பா வந்து கேக்குமே. ஏம்மா, சாம்பாருக்கு மூடி போடலன்னு கேக்குமே. அதுக்கு இன்னா சொல்லுவேன்?"

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. ரேஷன் கடையில் என்ன கேட்பார்கள் என்று யோசிக்கிறவள் போல, நிஜமாகவே பதில் தேடிக்கொண்டு சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கும் வயதாகிவிட்டது, யார் முந்துவோம் என்று தெரியாது.

ஆனால் எதைச் சொல்வது? முழுதும் சொன்னால், அவள் மூடி போட்டுத்தான் இருந்தாள் என்று ஆகும். கூடவே, பல்லியால் சாகவில்லை என்றும் ஆகும். அப்புறம் எதனால் செத்தாள் என்று அடுத்த கேள்வி வரும். அந்த டம்ளரைப் பிடித்தது யார் கை? ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று, அதைவிடப் பெரிய பாரத்தைத் தலையில் ஏற்றிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

பாதியை மட்டும் சொன்னேன். அந்தப் பல்லி அப்பா பட்டறையிலிருந்து கொடுத்தது, நான் டப்பாவில் கொண்டுவந்தது, வராந்தாவில் வாளிக்குள் விழுந்தது. "நீ மூடி போட்டுத்தான் அத்த வெச்சிருந்தே. உன்மேல தப்பே இல்ல. விஷத்தைக் கொண்டாந்தவ நான்தான்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். டப்பாவைத் திறந்தது யார் என்பதை மட்டும் வாயில் கொண்டுவரவில்லை.

வெளியே யாரோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த இரைச்சல் நின்று மறுபடி தொடங்கியது. நான் அவள் காலைத் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள். "பாப்பா நான் துன்னவே இல்லன்னு சொல்லிச்சு. இத்தினி வருசமா அது என் காதுல கேட்டுகினே கீது. அன்னைக்குக் கேட்டதுக்குத் தெரியாதுன்னே. இப்போ மெய்யாலுமே சொல்லு. துன்னுச்சா, இல்லியா?"

இல்லை என்றால் எல்லாம் அவிழ்ந்துவிடும். தின்னாத பிள்ளை பல்லியால் எப்படிச் சாகும்?

"துன்னுச்சு அத்த" என்றேன். "ரெண்டு வாய் துன்னுச்சு. நான் பாத்தேன்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெறுப்பை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். பல்லிக்காக வரும் என்று நினைத்தேன். அது வேறு ஒன்றுக்காக வந்தது.

"எம் பொண்ணு பொய் பேசாதுடி" என்றாள். "அந்த வயசுல அதுக்குப் பொய்யே தெரியாது. பல்லிய நீ கொண்டாந்தே, நான் நம்பறேன். செத்த புள்ளமேல பழி போட்றியே, அத நான் நம்ப மாட்டேன். எழுந்து போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

எழுந்து வந்தேன். பல்லி தன் சட்டியில் விழவில்லை என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். அந்த வரையில் சரி. அதற்கு விலையாக, சாகும்போதும் என்னைக் காட்டிக் கொடுக்காத பிள்ளையை நான் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அத்தை வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மூலம் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். தின்னாத பிள்ளை பிறகு எதனால் செத்தது என்று அத்தை ஒற்றை அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாளோ என்றுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் இதை எழுதினேன். ஆனால் அந்த வராந்தாவில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், உப்புத் தண்ணீர் குடித்தவர்கள், உங்களில் சிலர் இன்னும் அங்கே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறீர்கள். பாரிவாக்கம் பக்கம் போனால் அவளைப் பாருங்கள், உட்கார்ந்து பேசுங்கள், என்னைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்டுங்கள். பல்லியில் விஷம் இல்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.